சம்பந்தி பிரித்த கறிச்சுருள்

கற்றுக்கொள்ள வந்த இஞ்ஞாசிக்கு அறுபத்திரண்டு வயது. கற்றுத் தந்த ஒதீலுக்கு முப்பத்தெட்டு.

அதில் இஞ்ஞாசிக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வார். தனக்குத் தெரிந்ததில் இன்னொருவர் கை வைத்தால்தான் அவருக்குப் பொறுக்காது.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் கல்யாணச் சமையல் என்றால் இஞ்ஞாசிதான். பந்தலுக்குள் நுழையும்போதே பிரியாணி வாசனையை வைத்து அவர் சமையல் என்று சொல்லிவிடுவார்கள். அவர் ஏற்றிய அண்டாவுக்குள் அடுத்தவர் கரண்டி போனதில்லை. ஒரு கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவரே உப்புப் பார்க்கிறேன் என்று வந்தார். "உப்பை நான் பாத்துக்கறேன், நீங்க பொண்ணைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினார் இஞ்ஞாசி. அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒதீல் பல வருஷம் வியட்நாமில், சைகோன் நகரத்தில் இருந்தவர். அங்கே ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை நடத்திவிட்டு ஊர் திரும்பி, இப்போது தன் வீட்டு அடுக்களையிலேயே அந்த ஊர்ச் சமையலைச் சொல்லிக்கொடுக்கிறார். எல்லோரும் அவரை மதாம் என்று கூப்பிடுவார்கள். அவர் ஆண்களை முசியே என்பார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் போனாலும் இந்த இரண்டு வார்த்தையும் போகவில்லை.

மதாமிடம் ஒரு பழக்கம் உண்டு. கேட்டால் சொல்வார். கேட்காத எதையும் சொல்ல மாட்டார். கண் முன்னால் அடுப்பே கவிழ்ந்தாலும் சும்மா நின்று பார்ப்பார். இதனாலேயே பாதிப் பேர் முதல் வாரத்தோடு நின்றுவிடுவார்கள். மீதிப் பேர் சமையல்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

"என்ன கத்துக்கணும் முசியே?"

"மாட்டுக் கொத்துக்கறியை ஒரு இலையில சுத்தி நெருப்புல சுடுவாங்களாமே, வியட்நாம்ல. அது."

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான்."

"எதுக்கு?"

இஞ்ஞாசி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். அவருக்கு மனைவி இல்லை. ஒரே மகள்.

"என் பொண்ணு ஜெசிந்தா சைகோன்ல வேலை பாக்குது மதாம். அங்க ஒரு பையன், துவான்னு பேரு. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. பையனுக்கு அப்பா இல்ல. அம்மா மட்டும்தான், லான்னு பேரு. அந்தம்மா சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. பொண்ணு வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்னு கிளம்பி வர்றாங்க."

"வேணாம்னு சொல்லிட்டா?"

"'அவங்க அம்மா மனசார சரின்னு சொல்லாம நான் அந்த வீட்டுல கால் வைக்க மாட்டேன்பா'ன்னு சொல்லிட்டா என் பொண்ணு. அவ சொன்னா சொன்னதுதான். அவ்ளோ பிடிவாதம் எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல."

எங்கிருந்து வந்தது என்று மதாமுக்குத் தெரிந்தது. கேட்காததால் சொல்லவில்லை.

"போன்ல பேசும்போது சிரிச்சுக்கிட்டேதான் பேசுறா" என்றார் இஞ்ஞாசி. "ஆனா வெச்சப்புறம் ரொம்ப நேரம் அந்தப் போனையே பாத்துக்கிட்டு உட்காந்திருக்கேன் மதாம்."

"சரி. அதுக்கு எதுக்குக் கறி?"

"அவங்க ஊர்ல அவங்க சாப்பிட்ட மாதிரியே நான் போடணும். ஒரு குறை சொல்லக் கூடாது. ஒரே ஒரு குறைகூட வரக் கூடாது. சாப்பிட்டு எழுந்தாங்கன்னா முடிஞ்சது."

"எது முடிஞ்சது?"

"கல்யாணம்தான். கை நனைச்சுட்டாங்கன்னா அப்புறம் பேச்சு ஏது?"

நம் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. பேச்சு முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். காபியோடு எழுந்துவிடுவார்கள். சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

"அந்தம்மாவுக்கு இந்த வழக்கம் தெரியுமா?"

"எனக்குத் தெரியுமில்ல?" என்றார் இஞ்ஞாசி.

மதாம் சிரித்துவிட்டார். "நாளைக்கு வாங்க. வெறுங்கையோட வாங்க."

மறுநாள் இஞ்ஞாசி தன் கத்திகள், மசாலா டப்பா, இடுப்பில் கட்டுகிற துண்டு, கறிக்கடையில் தானே நின்று கொத்தச் சொல்லி வாங்கிய மாட்டுக்கறி எல்லாவற்றோடும் வந்தார். மதாம் அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

கொல்லையில் தொட்டி தொட்டியாக ஒரு செடி இருந்தது. இலை இதய வடிவில் பளபளவென்று இருந்தது.

"வெத்தலைதானே?"

"வெத்தலைக்கு ஒண்ணுவிட்ட அக்கா. லோட்னு பேரு. பச்சையா மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லையே."

"நெருப்புல காட்டினாத்தான் வாயைத் திறக்கும்."

சின்ன வெங்காயம், பூண்டு, எலுமிச்சைப்புல் மூன்றையும் பொடியாக நறுக்கிக் கறியோடு பிசைந்தார்கள். மிளகு, கொஞ்சம் சர்க்கரை, உப்புக்குப் பதில், மீனை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த தண்ணீர். அதன் வாடைக்கு இஞ்ஞாசி முகத்தைச் சுளித்தார். பிறகு நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். நல்ல கருவாடு தின்று வளர்ந்த நாக்கு அது.

"இப்ப இலையில சுத்துங்க" என்றார் மதாம்.

இஞ்ஞாசி உட்கார்ந்தார். ஒரு இலையை எடுத்தார். காம்பைக் கிள்ளினார், நுனியைக் கிள்ளினார், பின்பக்கத்து நரம்பை உரித்தார், இலையைத் தொடையில் ஒரு தடவு தடவினார். அடுத்த இலை. அதற்கடுத்த இலை. நம் கைக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூக்கத்தில் கொடுத்தாலும் கிள்ளும்.

"பாத்தீங்களா மதாம் வேகத்தை?"

"பாத்தேன்."

கறியை வைத்து அழகாகச் சுருட்டினார். கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. கம்பி வலைமேல் சுருள்களை வரிசையாக அடுக்கினார். சூடு பட்டதும் முதல் சுருள் மெதுவாக விரிந்தது. அப்புறம் இரண்டாவது. அப்புறம் எல்லாமே. கறி கரியில் கொட்டி ஒரே புகை. பக்கத்து வீட்டில் யாரோ இருமிக்கொண்டே ஜன்னலை அறைந்து சாத்தினார்கள்.

மதாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் மதாம் பிரியுது?"

கேட்டுவிட்டார். மதாம் குனிந்து தரையில் கிடந்த காம்புகளில் ஒன்றைப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தார். பிறகு காம்போடு ஓர் இலையைப் பறித்து வந்து, கறியை வைத்துச் சுருட்டி, ஒரு குச்சியால் சுருளின் பக்கத்தில் சின்னத் துளை போட்டு, காம்பை வளைத்து அதற்குள் செருகினார். குலுக்கிக் காட்டினார். சுருள் பிரியவில்லை.

இஞ்ஞாசி தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"காம்பு கிள்ளாம யாருக்காச்சும் இலையை நீட்டுவாங்களா மதாம்? மரியாதை இல்லையே."

"நீங்க தாம்பூலமா வைக்கறீங்க? கறி சுடறீங்க, மடையரே."

அவரை யாரும் மடையர் என்று சொல்லி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"இவ்ளோ ஒல்லியாவா சுத்தணும்?"

"உங்க சுண்டுவிரல் தடிமன்."

"ஏன்?"

"இலை கருகறதுக்குள்ள சூடு நடுவுக்குப் போய்ச் சேரணும்."

அடுத்த நாள் மசாலா டப்பா திறந்தது. "தப்பா நினைக்காதீங்க மதாம், சப்புன்னு இருக்கு" என்று மிளகாய்த்தூள், சோம்பு, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டுப் பிசைந்து சுட்டார் இஞ்ஞாசி. ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"இதான் மதாம் கறி. சாப்பிட்டுப் பாருங்க."

மதாம் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது.

"இப்ப சரியா இருக்கா மதாம்?"

மதாம் மிக்ஸியில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓடவிட்டார். அது கதறிக்கொண்டிருக்கும்போதே அவரைப் பார்த்து எதையோ கேட்டார்.

"என்ன மதாம்?"

மறுபடியும் உதடு அசைந்தது.

"ஒண்ணும் கேக்கல! அதை நிறுத்துங்க!"

மதாம் நிறுத்தினார். பிறகு அவருடைய மசாலா டப்பாவை மூடி, எட்டாத பரணில் தூக்கி வைத்தார்.

"என்ன கேட்டீங்க மதாம்?"

"இலை என்ன சொல்லுச்சுன்னு கேட்டேன்."

இஞ்ஞாசி பரணைப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது டப்பாவைத் திருப்பிக் கேட்கவில்லை.

அதற்கடுத்த நாள், ஒரு பொட்டுக் கொழுப்பு இல்லாத சுத்தமான கறி வாங்கி வந்து பெருமையாகக் காட்டினார். சுட்டதும் அது கெட்டியாகிவிட்டது. இருவரும் மென்றார்கள். மென்றுகொண்டே இருந்தார்கள்.

"எவ்ளோ நேரம் மதாம் மெல்லணும்?"

"சம்பந்தியம்மா சைகோன் போய் இறங்கற வரைக்கும் மெல்லலாம். கொழுப்பு இல்லாம எவனாச்சும் கறி சுடுவானா? உங்ககிட்ட இருக்கறதுல கொஞ்சம் போட்டாலே போதுமே."

இஞ்ஞாசிக்குச் சிரிப்பில் புரை ஏறியது. மறுநாள் பன்றிக்கொழுப்பைப் பொடியாக நறுக்கிக் கறியோடு சேர்த்தார். கரியில் கொழுப்பு சொட்டி நெருப்பு சீறியது. அந்தப் புகையில் லோட் இலை வாய் திறந்தது. மிளகும் வெற்றிலையும் கற்பூரமும் எங்கோ தூரத்தில் கலந்த மாதிரி ஒரு வாசனை. இஞ்ஞாசி அடுப்பைவிட்டு நகரவே இல்லை. எத்தனையோ அடுப்பு பார்த்த மனிதர். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு அடுப்படியில் வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

வெங்காயத்தாளைச் சூடான எண்ணெயில் போட்டு அதைச் சுருள்கள் மேல் ஊற்றி, வறுத்த மல்லாட்டைக் கடலையை இடித்துத் தூவினார். அரிசியில் செய்த மெல்லிய தாளைத் தண்ணீரில் நனைத்து, கீரையும் புதினாவும் வெள்ளரியும் வைத்து, அதற்குள் ஒரு சுருளை வைத்து மதாமிடம் நீட்டினார்.

மதாம் சாப்பிட்டார். தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

"தேறிட்டேனா மதாம்?"

"கை தேறிடுச்சு."

"அது போதும்" என்றார் இஞ்ஞாசி. வேறு எதையும் அவர் கேட்கவில்லை. ஒரு கட்டு இலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி போனார்.

அந்த வாரம் லான் அம்மா வந்தார். மகனும் ஜெசிந்தாவும் கூட வந்தார்கள்.

விருந்துக்கு மறுநாள் காலையில் இஞ்ஞாசி மதாம் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு நேராக அடுக்களைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

"மதாம், ஜெயிச்சாச்சு!"

மதாம் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "உட்காருங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."

இஞ்ஞாசி குட்டை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தம்மா நம்ம ஜெசிந்தா உயரம்தான் இருப்பாங்க. பேச்சு கொறைவு. வந்ததும் வீட்டைச் சுத்திப் பாத்தாங்க. நேரா அடுக்களைக்கு வந்துட்டாங்க. நான் சுருட்டி வெச்ச தட்டை அடுப்புக்கிட்ட வெச்சிருந்தேன். அதைப் பாத்துட்டு முகம் மலர்ந்து போச்சு மதாம். இலையைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் தரையிலேயே உட்காந்துட்டாங்க. நான் நாற்காலி போடறதுக்குள்ள உட்காந்துட்டாங்க. ஒரு சுருளை எடுத்தாங்க. பிரிச்சுட்டாங்க!"

"ஏன்?"

இஞ்ஞாசி முக்காலியில் அசைந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் குண்டா சுத்தியிருந்தேன் மதாம். நீங்க சுண்டுவிரல்னு சொன்னீங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா வர்றது சம்பந்தி. சுண்டுவிரல் அளவுக்கு வெச்சா, பொண்ணு வீட்டுக்காரன் கஞ்சன், கல்யாணச் சமையல்காரன் வீட்டுலயே கறிக்குப் பஞ்சம்னு நினைக்க மாட்டாங்களா? எனக்குக் கை வரல. ரெண்டு பங்கு வெச்சு, வாழைப்பழம் மாதிரி சுத்திட்டேன்."

"அந்தம்மா என்ன பண்ணாங்க?"

"ஒண்ணைப் பிரிச்சு ரெண்டா சுத்தினாங்க. என்னைப் பாத்து என்னமோ சொன்னாங்க, அவங்க பாஷையில. சொல்லிட்டு சிரிச்சாங்க. அடுத்ததையும் பிரிச்சாங்க. தட்டைத் தன் மடிப்பக்கமா இழுத்துக்கிட்டு, என்னையும் உட்காருன்னு தரையைத் தட்டிக் காட்டினாங்க. ஜெசிந்தா அந்த நேரம் பாத்து பையனோட மாடியில இருந்தா, என்ன சொன்னாங்கன்னு கேக்க முடியல. கேக்கணுமா என்ன? என் கறியைக் குறை சொல்றாங்கன்னு தெரியாதா எனக்கு?"

"அப்புறம்?"

"தட்டை வாங்கிட்டேன்."

மதாமின் கை மீன்மேல் நின்றது.

"மரியாதையாத்தான் வாங்கினேன் மதாம்! சம்பந்தியம்மா நம்ம வீட்டுல தரையில உட்காந்து வேலை செய்யறதா? என் அடுக்களையில அடுத்தவங்க கை படவும் விட மாட்டேன், அது வேற. கையெடுத்துக் கும்பிட்டு, ஹாலைக் காமிச்சேன். நல்ல நாற்காலியில உட்கார வெச்சேன். ஃபேன் போட்டேன். பாஷை தெரியலேன்னாலும் புரிஞ்சுக்கிட்டாங்க. எழுந்து போய் உட்காந்தாங்க."

"சாப்பாடு?"

"கேளுங்க. நானே சுட்டு, நானே எடுத்துட்டுப் போய் வெச்சேன். ரெண்டு சாப்பிட்டாங்க. எப்டி இருக்குன்னு ஜெசிந்தாவை விட்டுக் கேட்டேன். நல்லாருக்குன்னாங்க. கொழம்பு கொண்டு வந்தேன், நல்லாருக்குன்னாங்க. வீடு எப்டி? நல்லாருக்கு. ஊரு? நல்லாருக்கு. கடைசி வரைக்கும் ஒரு குறை இல்ல மதாம். ஒரே ஒரு குறைகூட அந்தம்மா வாயிலேர்ந்து வரல!"

"கல்யாணத்தைப் பத்தி?"

"ஊருக்குப் போய்ச் சொல்றேன்னாங்க. இன்னைக்குச் சாயங்காலம் கிளம்பறாங்க. அது சும்மா ஒரு முறைக்குச் சொல்றது. ஜெசிந்தாதான் ராத்திரியிலேர்ந்து மூஞ்சைத் தூக்கி வெச்சிருக்கா, சின்னப் புள்ள, அதுக்கு ஒண்ணும் தெரியாது." இஞ்ஞாசி தொடையைத் தட்டினார். "கை நனைச்சாச்சு. நீங்களே சொல்லுங்க மதாம், நான் ஜெயிச்சேனா இல்லையா?"

கேள்வி வந்துவிட்டது.

மதாம் மீனை மூடி வைத்தார். சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்துக்கொண்டார்.

"முன்னால வாங்க முசியே."

அத்தனை நாளில் இஞ்ஞாசி அந்த வீட்டு ஹாலைப் பார்த்ததே இல்லை. மதாம் மெத்தை வைத்த நாற்காலியைக் காட்டினார். இஞ்ஞாசி நுனியில் உட்கார்ந்தார். மதாம் உள்ளே போய், பூப்போட்ட பீங்கான் கோப்பையில் காபி ஊற்றி, தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தார்.

"எடுத்துக்குங்க."

"எதுக்கு மதாம் இதெல்லாம்? எப்பவும் டம்ளர்ல..."

"இருக்கட்டும். நீங்க சமைச்சது ரொம்ப நல்லா இருந்திருக்கும்."

"குண்டா சுத்திட்டேனே."

"அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

இஞ்ஞாசி காபியை ஒரு வாய் குடித்தார். மதாம் எதிரே நின்றுகொண்டு புன்னகை செய்தார். கடை வாசலில் நிற்பவர்கள் செய்கிற புன்னகை.

"நடுவுல கொஞ்சம் வேகல மதாம். சிவப்பாவே இருந்துச்சு."

"பரவாயில்ல முசியே."

அவருக்கு எங்கோ உறுத்தியது. சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"அடுத்த தடவை அந்த மிளகாத்தூளு, பட்டை, சோம்பு எல்லாம் போட்டே செய்யலாம்னு இருக்கேன்."

"செய்யுங்க. நல்லாருக்கும்."

"கொழுப்பே போடாம."

"உங்க இஷ்டம். நல்லாருக்கும்."

மதாம் ஃபேனை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்தார். இஞ்ஞாசி கோப்பையைக் கீழே வைத்தார்.

"மதாம், திட்டுங்க."

மதாம் புன்னகை செய்தார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? வந்த நாள்லேர்ந்து என்னை மடையன்னு சொல்லாத நாள் இல்ல. இப்ப ஏன் இப்படி யாரோ மாதிரி..."

வாக்கியம் அங்கேயே நின்றுபோனது. இஞ்ஞாசி தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். பூப்போட்ட கோப்பையைப் பார்த்தார். தலைக்குமேல் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

தரையைத் தட்டிக் காட்டிய ஒரு கை அவர் கண்ணுக்குள் வந்தது. அப்போது அந்தம்மா சிரித்தாரே, அது குறை சொல்கிறவரின் சிரிப்பு இல்லை. அதற்கப்புறம் அவர் ஒருமுறைகூட அப்படிச் சிரிக்கவில்லை. மகள் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்பதும் அவருக்கு விளங்கியது. அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

"நல்லாருக்கு, நல்லாருக்குன்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க மதாம்" என்றார். குரல் தாழ்ந்துபோயிருந்தது. "நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

மதாமின் முகத்திலிருந்து அந்தப் புன்னகை போய்விட்டது. அதைப் பார்த்ததும் இஞ்ஞாசிக்கு மூச்சு வந்தது.

"சாயங்காலம்தான் கிளம்பறாங்க. நேரம் இருக்கு. மறுபடியும் செஞ்சு போட்டுடறேன் மதாம். இந்தத் தடவை நீங்க சொன்ன அளவு. அச்சு பிசகாம, ஒண்ணு ஒண்ணா, நானே—"

மதாம் கொல்லைக்குப் போனார். இஞ்ஞாசி எழுந்து பின்னாலேயே போனார். மதாம் தொட்டி தொட்டியாகக் குனிந்து இலை பறித்து, ஈரத்துணியில் கட்டி அவர் கையில் கொடுத்தார்.

"கறியைப் பிசைஞ்சு வெச்சுக்குங்க. அடுப்பைப் பத்த வையுங்க."

"சரி."

"சம்பந்தியம்மாவை அடுக்களைக்குக் கூப்பிடுங்க. கறியையும் இலையையும் அவங்க முன்னால வையுங்க."

"பாஷை தெரியாதே மதாம். ஜெசிந்தாவைப் பக்கத்துல வெச்சுக்கட்டுமா? என்னன்னு சொல்லிக் கூப்பிட?"

"தரையைத் தட்டிக் காட்டுங்க, போதும்."

"வெச்சுட்டு? எந்தப் பக்கம் நான் உட்காந்து சுத்தட்டும்?"

"நீங்க எதுக்கு சுத்தணும்?" என்றார் மதாம். "நீங்க போய் ஹால்ல உட்காருங்க, மடையரே. அவங்க கூப்பிட்டா வாங்க."